சொல் விளக்கம்: கெரில்லா, கொரில்லா, சிறுபடை

நெப்போலியன் ஸ்பெயினில் பட்ட பாட்டைச் சொல்லும் தமிழ்க் கட்டுரை எதை எடுத்தாலும் ‘கொரில்லாப் போர்’ தவறாமல் வந்துவிடுகிறது. ‘கொரில்லாக்கள் மலைகளில் ஒளிந்திருந்தனர்’, ‘கொரில்லாக்களின் தலைவர் பிடிபட்டார்’ என்று அச்சிலேயே படிக்கிறோம். கொரில்லா என்பது ஆப்பிரிக்கக் காட்டில் வாழும் வாலில்லாக் குரங்கு. அந்த விலங்குக்கு அறிவியல் உலகில் அந்தப் பெயர் வந்ததே 1847-இல்தான். ஹன்னோ என்ற கார்த்தேஜ் மாலுமியின் பழைய பயணக் குறிப்பு கிரேக்க மொழியில் கிடைத்தது. மேனியெல்லாம் மயிர் அடர்ந்த ஒரு கூட்டத்தாருக்கு அதில் இருந்த பெயரை எடுத்துக் குரங்குக்கு வைத்தார்கள். ஸ்பானியர்கள் பிரெஞ்சுப் படையை அடிக்கத் தொடங்கியதோ 1808-இல். இரண்டு சொற்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆங்கில வாயில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக ஒலிப்பதால், காதில் விழுந்ததை அப்படியே எழுதியிருக்கிறோம். கடன்சொல்லாகவே எழுதுவதென்றால் ‘கெரில்லா’ என்று எழுத வேண்டும். இதில் விவாதிக்க எதுவும் இல்லை.

சொற்பிறப்பு எளிது. ஸ்பானிய மொழியில் ‘கெர்ரா’ என்றால் போர். சச்சரவு, கலகம் என்னும் பொருளுள்ள ஜெர்மானிய வேர் அது; ஆங்கிலத்தின் ‘வார்’ என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். ‘இல்லா’ என்பது சிறுமை காட்டும் விகுதி. ஆக, ‘கெரில்லா’ என்றால் சிறு போர். 1809-இல், ஸ்பெயினில் பிரெஞ்சுக்காரரை எதிர்த்த ஆங்கிலத் தளபதி வெலிங்டனின் கடிதங்கள் வழியாக ஆங்கிலத்தில் புகுந்தபோது அது போரைவிட்டு நழுவி, போரிடும் கூட்டத்துக்கும் ஆளுக்கும் பெயராகிவிட்டது. ஸ்பானியத்தில் ஆளுக்குப் பெயர் ‘கெரில்லேரோ’, கூட்டத்துக்குப் பெயர் ‘பார்த்தீதா’. கறாராகப் பார்த்தால் ‘கெரில்லாப் போர்’ என்பதே ‘நடு சென்டர்’ போன்ற கூறியது கூறல். ஆனாலும் கடன்சொல் என்பதால் அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

தமிழ்ச்சொல் தேடுபவர்கள் பெரும்பாலும் ‘கரந்தடிப் போர்’ என்பதில் போய் நிற்கிறார்கள். ஈழத்து எழுத்தில் நெடுங்காலமாகப் புழங்கும் நல்ல சொல் அது. கரந்து அடிப்பது கரந்தடி. இலக்கணத்தில் குற்றம் சொல்ல முடியாது. கரந்தைத் திணையிலிருந்து வந்தது என்று சிலர் விளக்கம் தருவது மட்டும் தவறு. கரந்தை ஒரு பூ. பகைவர் கவர்ந்துபோன ஆநிரையை மீட்கப் போகும் வீரர் சூடுவது. கரந்தடியில் இருப்பது ‘கர’ என்னும் வினை, மறைதல் என்று பொருள். ஆனால் இந்தச் சொல்லைக் கெரில்லாவுக்கு நிகராக வைப்பதை ஏற்க முடியவில்லை. காரணம் ஸ்பெயினில் உண்மையில் நடந்த போரிலேயே இருக்கிறது.

1808 மே 2 அன்று மாட்ரிட் மக்கள் எழுந்தார்கள். ஜூலையில் பைலேன் என்ற ஊரில் துய்ப்போன் என்ற பிரெஞ்சுத் தளபதியின் படை முழுதாகச் சரணடைந்தது. உடனே நெப்போலியன் தானே பெரும்படையோடு இறங்கி டிசம்பரில் மாட்ரிட்டைப் பிடித்தான். ஸ்பெயினின் முறையான படைகள் சிதறிப்போன அந்த நேரத்தில், டிசம்பர் 28 அன்று, நாட்டின் மத்திய அவை ஓர் ஒழுங்குவிதியை வெளியிட்டது. ஒரு பார்த்தீதாவில் ஏறத்தாழ 50 குதிரைவீரர். அதே அளவு காலாட்கள். தேவைப்பட்டால் காலாள் குதிரைவீரனுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்து போக வேண்டும். கள்ளக்கடத்தல்காரர்களுக்குக்கூடத் தனியாகக் குழு அமைத்துக்கொள்ள இடம் தரப்பட்டது. 1809 ஏப்ரலில் வந்த அடுத்த ஆணை இதைத் ‘தரைவழிக் கப்பற்கொள்ளை’ என்றே அழைத்தது. அரசு உரிமம் பெற்ற தனியார் கப்பல்கள் கடலில் பகைவர் கப்பலைப் பிடிப்பதுபோல, எதிரியிடம் பிடித்த பொருள் நிலத்திலும் பிடித்தவருக்கே சேரும்.

இந்த விதியில் முதலில் நிற்பது அளவு. இத்தனை ஆள், இத்தனை குதிரை, இன்ன பங்கு. மறைந்திருப்பது அவர்கள் கையாண்ட வழிகளில் ஒன்று. அவர்கள் இன்னார் என்று சொல்லும் அடையாளம் ஆகாது. 1813 பிப்ரவரியில் எஸ்போஸ் இ மினா என்ற பார்த்தீதாத் தலைவர் வட ஸ்பெயினின் நவாராவில் தஃபாயா என்ற ஊரின் பிரெஞ்சுக் காவற்படையை ஆங்கிலேயர் கரையிறக்கித் தந்த பீரங்கிகளால் அடித்துப் பணியவைத்தார். பட்டப்பகலில் மதிலை உடைக்கும் முற்றுகைப் போர் அது. அதைக் ‘கரந்தடி’ என்று எழுத முடியுமா? அதே மினா சாலையில் போகும் சரக்குகளுக்குச் சுங்கம் வாங்கினார், தம் ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்தார். ஒளிந்திருப்பவர் சுங்கச்சாவடி நடத்துவதில்லை. மறுபுறம், முறையான படைகளும் பதுங்கித் தாக்குகின்றன. ‘கரந்தடி’யை ஒரு வகைப் போருக்கே பெயராக்கிவிட்டால், பதுங்கியிருந்து அடிக்கும் அந்த ஓர் அடிக்கு என்ன சொல் மிஞ்சும்? மொழிபெயர்ப்பாளர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். மூலத்தில் ஒரே பத்தியில் ‘கெரில்லா’வும், பதுங்கித் தாக்குதலைக் குறிக்கும் ‘ஆம்புஷ்’ என்ற சொல்லும் வரும்போது, தமிழில் இரண்டும் ‘கரந்தடித் தாக்குதல்’ ஆகிப் பொருள் கலங்கிவிடுகிறது.

இன்னொரு சிக்கல், ‘கர’ என்ற வினையோடு ஒட்டிக்கொண்டு வரும் நிறம். கரவு என்றால் வஞ்சனை, கரவடம் என்றால் களவு. பிரெஞ்சு அதிகாரிகள் இந்தப் போராளிகளை அறிக்கைக்கு அறிக்கை ‘பிரிகான்’, அதாவது வழிப்பறிக்காரர், என்றே எழுதினார்கள். அப்படி எழுதினால் பிடிபட்டவரைப் போர்க்கைதியாக நடத்த வேண்டியதில்லை, மரத்தில் தொங்கவிடலாம். பெயரில் ஒரு களவு நிறம் ஏறினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

‘மறைமுகப் போர்’ இன்னும் மோசம். ஒரு நாடு தான் ஒதுங்கி நின்று வேறொருவரை ஏவி நடத்துவதுதான் மறைமுகப் போர். ‘ஒளிந்திருந்து தாக்கும் முறை’ என்பது விளக்கம், சொல் ஆகாது. அதை வேற்றுமை உருபோடு ஒரு வாக்கியத்துக்குள் கொண்டுவந்து பார்த்தால் தெரியும்.

என் கணக்கில் சரியான சொல் ‘சிறுபடைப் போர்’. கூட்டத்துக்குச் சிறுபடை, ஆளுக்குச் சிறுபடை வீரர். மூலச்சொல்லில் இருக்கும் சிறுமை விகுதிக்கு இது நேராகப் பொருந்துகிறது. அக்காலப் பிரெஞ்சு, ஜெர்மன் போர்நூலாரும் ‘சிறு போர்’ என்ற பொருளுள்ள பெயர்களையே கையாண்டார்கள். 1810-11-இல் பெர்லின் போர்ப்பள்ளியில் கிளாசவிட்ஸ் என்ற பிரஷ்யப் போர்நூலார் பாடம் நடத்திய தலைப்பும் அதுதான். ‘சிறுபோர்’ என்றே வைக்கலாமே என்று கேட்கலாம். அது ஒரு சின்னச் சண்டையையும் குறிக்கும், வைக்கோற்போரையும் நினைவூட்டும். ‘படை’ நடுவில் வந்தால் அந்தக் குழப்பம் இல்லை. குறும்பு என்ற பழஞ்சொல்லும் நெருங்கி வருகிறது. வேந்தனை அலைக்கும் ‘கொல்குறும்பு’ குறளில் இருக்கிறது. ஆனால் இன்று குறும்பு என்றால் பிள்ளை செய்யும் சேட்டை, ஆகவே அது உதவாது.

‘வெறும் சிறிய படை என்றுதானே பொருள்படும், அந்தப் போர்முறை எங்கே?’ என்பார்கள். வள்ளுவர் இடனறிதலில் சொல்லியிருக்கிறார்:

சிறுபடையான் செல்லிடம் சேரின் உறுபடையான்
ஊக்கம் அழிந்து விடும்.

சிறுபடை உடையவன் தனக்குச் செல்லுபடியாகும் இடத்தில் நின்றால், அங்கே தேடிப்போகும் பெரும்படைக்காரன் ஊக்கம் இழப்பான். ஸ்பெயினில் நடந்தது வரிக்கு வரி இதுதான். ஒரு கடிதத்தை ஊர்விட்டு ஊர் கொண்டுபோக நூற்றுக்கணக்கான குதிரைவீரரைக் காவலுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அப்படியும் பிடிபட்ட கடிதங்கள் வெலிங்டனிடம் போய்ச் சேர்ந்தன. அவரிடமிருந்த ஸ்கோவல் என்ற அதிகாரி பிரெஞ்சுக்காரரின் எண் மறையெழுத்தை உடைத்துப் படித்தார். 1812 ஜூலையில் ஸ்பெயினில் பிரெஞ்சுப் படை 2 லட்சத்துக்கு மேல். ஆனால் சலமாங்காவில் வெலிங்டனை எதிர்த்து நிற்கப் பிரெஞ்சுத் தளபதி மார்மோன் திரட்ட முடிந்தது ஏறத்தாழ 50,000 பேரைத்தான். வடக்கே இருந்த படையைச் சிறுபடைகளும் கடற்கரையில் ஆங்கிலக் கப்பல்களும் நகரவிடவில்லை. 1813 ஜூன் 21 அன்று விட்டோரியாவில் முடிவைத் தீர்மானித்த பெரும்போர் நடந்தபோது, மினாவைத் துரத்தி நவாராவில் அலைந்துகொண்டிருந்த பிரெஞ்சுத் தளபதி கிளோசெலின் படை நேரத்துக்கு வந்து சேரவில்லை. உறுபடை எத்தனை பெரிது என்ற கணக்கைச் சிறுபடை இப்படித்தான் உடைத்தது. ‘கரந்தடி’ இதில் எதையும் சொல்வதில்லை, ‘சிறுபடை’ சொல்கிறது.

ஆகவே கரந்தடியைத் தூக்கி எறிய வேண்டாம், அதன் இடத்தில் வைத்துக்கொள்ளலாம். ‘சிறுபடையினர் கணவாயில் கரந்தடித்தனர்’ என்று எழுதினால் இரண்டு சொல்லும் தத்தம் வேலையைச் செய்யும். பகைவரின் ஆநிரையைக் கவர்வதைச் சொல்லும் வெட்சித் திணையையும் இப்படியே கையாளலாம். 1811 அக்டோபரில் ஹூலியன் சாஞ்செஸ் என்ற சிறுபடைத் தலைவர் சியுதாத் ரோட்ரிகோ கோட்டைக்கு வெளியே மேய்ந்த காவற்படையின் மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார். வெளியே வந்திருந்த கோட்டை ஆளுநர் ரெனோவும் அவர் கையில் சிக்கினார். இதை ‘கால்நடைத் திருட்டு’ என்று மொழிபெயர்ப்பது தமிழறியாமை. ஆநிரை கவர்தல் என்று நமக்கு ஈராயிரம் ஆண்டுச் சொல் இருக்கிறது. அரசன் ஏவிச் செய்வது மன்னுறு தொழில், தானே போய்ச் செய்வது தன்னுறு தொழில் என்று அதற்கு உட்பிரிவும் வைத்திருக்கிறோம். பார்த்தீதாக்கள் முதலில் தன்னுறு தொழிலாகத் தொடங்கி, ஒழுங்குவிதிக்குப் பின் மன்னுறு தொழில் ஆனவை.

இதே போரில் சிதையும் இன்னொரு சொல் ‘ஹுன்டா’. நாளேட்டுப் பழக்கத்தில் அதை ‘ராணுவ ஆட்சிக்குழு’ என்று எழுதிவிடுகிறார்கள். 1808-இல் ஊர்தோறும் எழுந்த ஹுன்டாக்களில் ஆயர், பிரபு, ஊர்ப் பெரியவர், அதிகாரி எல்லாரும் கூடி உட்கார்ந்தார்கள். சேர்தல் என்ற வேரில் பிறந்த அந்தச் சொல்லுக்கு ‘அவை’ போதும். ‘பார்டிசான்’ என்பதை அகராதியில் பார்த்துப் ‘பாரபட்சமானவர்’ என்றும் ‘கட்சிக்காரர்’ என்றும் எழுதுவது அடுத்த கொடுமை. 1812-இல் ரஷ்யாவில் டெனிஸ் தவீதோவ் 50 ஹுசார் குதிரைவீரரும் 80 கொசாக் வீரரும் கொண்டு நெப்போலியனின் பின்வழியைக் குலைத்தார். பார்டிசான் எனப்பட்ட அவர்கள் சேனையிலிருந்தே பிரித்து அனுப்பப்பட்டவர்கள். குடிமக்கள் தாமே திரண்ட கூட்டமல்ல. அவர்களுக்குப் ‘பிரிபடை’ என்று வைத்தால் ஸ்பெயினின் சிறுபடையோடு குழம்பாது.

1801-இல் மருது சகோதரர்கள் நடத்திய போரையும் ‘கொரில்லாப் போர்’ என்றே எழுதுகிறார்கள். அந்த ஆண்டில் ஆங்கிலத்திலேயே அந்தச் சொல் கிடையாது. வந்து சேர இன்னும் எட்டு ஆண்டு இருந்தது. காளையார்கோவிலை அடையக் காட்டை வெட்டி வழிபோட முயன்ற ஆங்கிலப் படை ஒரு மாதம்போலப் பாடுபட்டு, அந்த வழியைக் கைவிட்டது. மரமும் முள்ளும் தடுப்பும் வைத்து ஊரைக் காத்த அந்த ஏற்பாட்டுக்குக் காட்டரண் என்று பெயர். அங்கே நடந்தது காட்டரண் போர்.