தோட்டா வேறு, குண்டு வேறு

"மார்பில் தோட்டா பாய்ந்தது" என்று செய்திகளில் அடிக்கடி படிக்கிறோம். பாய்வது தோட்டா அல்ல, குண்டு. தோட்டா என்பது முழுப்பொருளின் பெயர்: பித்தளைக் கூடு, அதன் அடியில் தட்டினால் தீப்பற்றும் சிறு கேப், உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு. விசையை இழுத்ததும் ஊசி கேப்பைத் தட்டும், மருந்து எரியும், அந்த வாயு குண்டைக் குழல் வழியே தள்ளும். வெறும் கூடு சுட்டவரின் காலடியில் விழும். ஆகவே சுவரில் பதிந்து கிடப்பது குண்டு, தரையில் பொறுக்கி எடுப்பது தோட்டாக் கூடு. தடயவியல் அறிக்கையைத் தமிழில் எழுதுபவருக்கு இந்த வேறுபாடு உயிர்நாடி.

தோட்டா இந்துஸ்தானியிலிருந்து வந்த சொல். தெலுங்கில் தூட்டா, கன்னடத்தில் தோட்டா. மலையாளத்தில் தோட்ட என்றால் மீன்பிடிக்கத் தண்ணீரில் எறியும் வெடி. படைகளோடு சேர்ந்து தெற்கே இறங்கிய சொற்களில் இதுவும் ஒன்று. இந்தியில் இதே பொருளுக்கு இன்னொரு சொல்லும் உண்டு: கார்தூஸ். அது ஐரோப்பிய வரவு. ஆங்கிலத்தின் கார்ட்ரிட்ஜ், பிரெஞ்சின் கார்தூஷ், போர்த்துகீசின் கார்துஷு எல்லாம் ஒரே குடும்பம். மூலம் இத்தாலியச் சொல்லான கார்தொச்சோ, அதாவது காகிதச் சுருள். அதற்கும் அடியில் இருப்பது காகிதத்தைக் குறிக்கும் லத்தீனின் கார்தா.

தொடக்கத்தில் அது உண்மையிலேயே காகிதம்தான். ஒரு முறை சுடத் தேவையான மருந்தையும் குண்டையும் காகிதத்தில் சுருட்டி முடிந்து வைத்திருப்பார்கள். வீரன் பல்லால் முனையைக் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலுக்குள் கொட்டி, குண்டை மேலே இறக்கிக் கம்பியால் இடிப்பான். 1857-ல் என்ஃபீல்ட் துப்பாக்கிக்கு வந்த காகிதத் தோட்டாவில் பசு, பன்றிக் கொழுப்பு தடவியிருக்கிறது என்ற பேச்சு சிப்பாய்களைக் கொதிக்க வைத்ததற்குக் காரணம் அந்தக் கடிக்கும் வேலை. நம் பள்ளிப் பாடநூல்கள் "கொழுப்பு தடவிய தோட்டா" என்றே எழுதுகின்றன. சொல் அங்கே மிகச் சரியாக விழுந்திருக்கிறது.

தமிழில் இதற்கு நிகர் என்ன? ஈழத்தமிழில் துப்பாக்கிக்குத் துவக்கு என்ற பெயர் இருப்பதுபோல, ரவை, சன்னம் என்ற சொற்களும் வாழ்கின்றன. ரவை என்பது சிறு மணி என்ற பொருளில் தொடங்கி, சிதறு குண்டைக் குறித்து, பிறகு முழுத் தோட்டாவுக்கும் விரிந்த சொல். சன்னம் குண்டுக்கே நெருக்கமானது. இணையத்தில் 'வெடிபொதி' என்ற ஆக்கச்சொல்லும் புழங்குகிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது. வெடிமருந்தைப் பொதிந்து வைத்தது என்று சொல்லும்போதே காகிதச் சுருளின் பழைய பொருளும் அதற்குள் வந்துவிடுகிறது. கலைச்சொல் பட்டியலில் வெடிபொதி இருக்கட்டும். பேச்சிலும் செய்தியிலும் தோட்டாவே போதும். அது தமிழில் ஊறிவிட்ட சொல். ஆனால் தோட்டா என்ற இடத்தில் குண்டையும், குண்டு என்ற இடத்தில் தோட்டாவையும் எழுதக்கூடாது என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. தொலைதூரக் குறிசுடுதல் பற்றித் தமிழில் எழுத முயன்றால் ஏன் என்று உடனே விளங்கும்.

.308 வின்செஸ்டர், .30-06 ஸ்பிரிங்ஃபீல்ட், .300 வின்செஸ்டர் மேக்னம் என்று மூன்று அமெரிக்கத் தோட்டாக்கள். முதலாவது 1952-லும், இரண்டாவது 1906-லும், மூன்றாவது 1963-லும் வந்தவை. மூன்றிலும் இருப்பது ஒரே விட்டமுள்ள குண்டு: 0.308 அங்குலம், அதாவது 7.82 மி.மீ. மாறுவது கூடு. அதன் நீளம் முறையே சுமார் 51, 63, 67 மி.மீ. கூடு பெரிதானால் மருந்து கூடும், மருந்து கூடினால் வேகம் கூடும். 11.7 கிராம் எடையுள்ள குண்டை .308 நொடிக்குச் சுமார் 800 மீட்டர் வேகத்தில் அனுப்புகிறது. .30-06 சுமார் 820, மேக்னம் சுமார் 900. குண்டு ஒன்று, தோட்டா மூன்று. "எந்தக் குண்டு சிறந்தது?" என்று இங்கே கேட்டால் கேள்வியே பிழையாகிவிடும். வேகம் இலவசமாகக் கிடைப்பதும் இல்லை. மேக்னத்தின் உதை தோளைப் பதம் பார்க்கும். உதைக்குப் பயந்து கண்ணை மூடிச் சுடுபவருக்கு அந்தக் கூடுதல் வேகத்தால் பயனில்லை.

இதன் மறுபக்கம் 6.5 கிரீட்மோர் என்ற தோட்டா. அமெரிக்காவின் ஹார்னடி நிறுவனம் 2007-ல் கொண்டுவந்தது. பெயர் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் இருந்த கிரீட்மோர் சுடுதளத்தின் நினைவாக வைத்தது. 1874 செப்டம்பரில் அங்கே அமெரிக்க அணியும் அயர்லாந்து அணியும் 800, 900, 1000 கெஜத் தொலைவுகளில் மோதின. அயர்லாந்துக்காரர்கள் கொண்டுவந்தவை குழலின் வாய் வழியே மருந்தை இடித்து நிரப்பும் ரிக்பி துப்பாக்கிகள். அமெரிக்கர்களின் கையில் பின்பக்கம் திறந்து உலோகத் தோட்டாவைச் செருகும் ரெமிங்டனும் ஷார்ப்ஸும். வாய்வழித் துப்பாக்கிதான் துல்லியம் என்று பலர் நம்பிய காலம் அது. முடிவு 934-க்கு 931, அமெரிக்கா வென்றது. அயர்லாந்து வீரர் ஒருவர் பக்கத்து இலக்கின் நடுப்புள்ளியைத் துளைத்து அந்தச் சுற்றுக்குப் பூஜ்யம் வாங்கியதும் அந்த மூன்று புள்ளி வித்தியாசத்தில் அடக்கம். அப்படி நூலிழையில் கிடைத்த வெற்றியானாலும், தொலைதூரக் குறிக்கு உலோகத் தோட்டாவை நம்பலாம் என்ற பேச்சு அந்தத் திடலில் வலுப்பெற்றது.

கிரீட்மோர் தோட்டாவின் சூட்சுமம் கூட்டைக் குட்டையாக்கியதில் இருக்கிறது. .308-ஐவிட அதன் கூடு இரண்டரை மி.மீ. அளவுக்குக் குறைவு, ஆனால் முழுத் தோட்டாவின் நீளம் ஏறக்குறைய ஒன்றே. மிச்சமான இடத்தில் நீண்ட, ஒல்லியான, கூர்முனைக் குண்டு உட்காரும். பெயரில் 6.5 என்றிருந்தாலும் குண்டின் விட்டம் 6.7 மி.மீ., போட்டிகளில் வழக்கமான எடை 9.1 கிராம். அப்படிப்பட்ட குண்டைக் காற்று எளிதில் நிறுத்தாது. குழலின் உட்சுவரில் திருகலாக ஓடும் வரியான உட்புரியும் அதற்கேற்ப நெருக்கமாக, எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்றாக வெட்டப்படுகிறது; நீண்ட குண்டு தலைகுப்புறாமல் பறக்க அந்தச் சுழற்சி வேண்டும்.

குழலை விட்டுக் கிளம்பும்போது .308-ன் 10.9 கிராம் போட்டிக் குண்டும் இதுவும் கிட்டத்தட்ட ஒரே வேகம்தான். வித்தியாசம் போகப் போகத் தெரியும். 100 கெஜத்துக்குக் குறி சரிசெய்த துப்பாக்கியில் 1000 கெஜம், அதாவது 914 மீட்டர் சுட்டால், கிரீட்மோர் குண்டு சுமார் 8 மீட்டர் தாழும். .308 குண்டு 10 மீட்டரை ஒட்டித் தாழும். பக்கக் காற்றிலும் கிரீட்மோர் குறைவாகவே விலகும். .308-ன் பழைய போட்டிக் குண்டுகள் அந்தத் தொலைவில் ஒலியின் வேகத்துக்கு இறங்கித் தடுமாறத் தொடங்கும், கிரீட்மோர் அப்போதும் ஒலியைவிட வேகமாகவே போய்க்கொண்டிருக்கும். உதையும் குறைவு. ஈடாகக் கொடுக்க வேண்டியது குழலின் ஆயுள்: .308 குழல் அதைவிட நெடுநாள் தேயாமல் உழைக்கும். காகித இலக்கு 600 கெஜத்தைத் தாண்டி நின்றால் கிரீட்மோரைத்தான் சொல்வேன். அதற்குள் என்றால் .308-ஐக் கைவிடக் காரணம் எதுவும் இல்லை.

வேட்டையில் கணக்கு மாறும். அங்கே தோட்டாவின் பெயரைவிட அதன் வாயில் என்ன குண்டு இருக்கிறது என்பது முதலில் கேட்க வேண்டியது. போட்டிக் குண்டு துல்லியத்துக்காகச் செய்தது; உடலுக்குள் எப்படி நடந்துகொள்ளும் என்ற உறுதி அதில் இல்லை. வேட்டைக் குண்டு பட்டதும் முனை மலர்ந்து விரிய வேண்டும், விலங்கு நீண்டநேரம் துடிக்காமல் விழ வேண்டும். இந்த விரியும் குண்டுக்கும் நம் நாட்டுக்கும் பழைய தொடர்பு உண்டு. கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதச் சாலையில் 1890-களில் செய்ததால் டம்டம் குண்டு என்றே பெயர் பெற்றது. 1899-ல் ஹேக் பிரகடனம் அதைப் போரில் தடை செய்தது. மான் வேட்டைக்கோ பிரிட்டனின் சட்டம் விரியும் குண்டைத்தான் பயன்படுத்தச் சொல்கிறது. இந்தியாவில் 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் வந்த பிறகு பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. ஆகவே இந்த ஒப்பீடு அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் உரியது.

அங்கே 6.5 என்று பெயர் பெற்ற இந்தக் குண்டு மெலிந்தது, பெரிய விலங்குக்குப் போதாது என்ற வாதம் இன்னும் கேட்கிறது. ஸ்வீடனும் நார்வேயும் 1890-களில் தங்கள் படைகளுக்காக ஏற்ற 6.5×55 தோட்டாவை, அதே விட்டமுள்ள குண்டோடு, ஸ்காண்டிநேவிய வேட்டைக்காரர்கள் நூறாண்டுக்கும் மேலாகக் மூஸ் என்ற மிகப்பெரிய மான் மீது பயன்படுத்தி வருகிறார்கள்.