சரமாரி: அரிவாள் வெட்டில் அம்பு எப்படி வந்தது?

'சரமாரியாக வெட்டினர்.' குற்றச் செய்திகளில் அடிக்கடி கண்ணில் படும் தொடர் இது. வெட்டியது என்னவோ அரிவாள். சொல்லுக்குள் இருப்பது அம்பு.

சரம் என்றால் அம்பு, அது வடசொல். மாரி என்றால் மழை. 'மாரியும் உண்டு ஈண்டு உலகு புரப்பதுவே' என்று பாரியை வைத்துக் கபிலர் பாடினாரே (புறநானூறு 107), அதே மாரிதான். இரண்டும் ஒட்டி அம்பு மழை என்றாயிற்று. படை முழுக்க ஒரே நேரத்தில் நாண் இழுத்து எய்தால், நிற்பவன் தலையில் என்ன பொழியுமோ அதுதான் சரமாரி.

சரம் என்பது நாணல் வகைப் புல்லுக்கும் பெயர். அதன் தண்டில் அம்பு செய்ததால் அம்புக்கும் அதுவே பெயர். சரவணம் என்றால் நாணற்காடு. அங்கே பிறந்ததாகச் சொல்லப்படுவதால் முருகன் சரவணபவன். அந்த வகையில் பக்கத்து வீட்டுச் சரவணனும் சரமாரிக்கு உறவுதான்! பூச்சரம், சரவெடி இதெல்லாம் வேறு சரம். அது கோத்த வரிசையைக் குறிப்பது. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. 'மாறி மாறி' அடிப்பதாக நினைத்து 'சரமாறி' என்று எழுதுபவர்களும் உண்டு. சின்ன ரகரம்தான் சரி.

சரி, பயன்பாட்டுக்கு வருவோம். சரமாரியாகச் சுட்டார்கள், சரமாரியாகக் கல் வீசினார்கள் என்றால் உவமை பழுதில்லை. தூரத்திலிருந்து பலவாகப் பறந்து வருகின்றன. கேள்விகளும் அப்படி வரலாம், குறிப்பாகச் செய்தியாளர் சந்திப்பில். அரிவாள் அப்படியல்ல, அது கையை விட்டே பிரியாது. அங்கே 'பல தடவை, வேகமாக' என்ற பொருள் மட்டும் மிஞ்சி, அம்பும் மழையும் காணாமல் போய்விட்டன. சொற்கள் இப்படித் தேய்வது இயல்புதான், தப்பு என்று அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் எத்தனை வெட்டு, எங்கே விழுந்தது என்று விசாரித்து எழுத வேண்டிய இடத்தை இந்த ஒற்றைச் சொல் அடைத்துக்கொள்கிறது என்பது என் குறை.

தமிழில் என்ன சொல்லலாம்? நேர்ச்சொல் கணைமழை அல்லது அம்புமாரி. சரத்துக்குக் கணை சரியான ஈடு. பஞ்சசரன் என்ற மன்மதனை ஐங்கணையான் என்று தமிழில் சொல்வதே சாட்சி. ஆனால் 'கணைமழையாக வெட்டினர்' என்று எழுதினால் சிரிப்பார்கள். அங்கே 'கண்ட இடத்திலும் வெட்டினர்' போதும். கேள்விக்கு, 'கேள்விமேல் கேள்வி கேட்டார்' என்ற பேச்சு வழக்கைவிட நல்லது எனக்குத் தோன்றவில்லை.

பத்திரிகைகள் 'கேள்விக் கணைகளைத் தொடுத்தார்' என்றும் எழுதும். இது சுத்தமான தமிழ். தொடுப்பது என்றால் அம்பை நாணில் பூட்டுவது. 'வழக்குத் தொடுத்தார்' என்பதிலும் தொடுத்தல் வருகிறது.

கணைக்குப் புதுவேலையும் கிடைத்திருக்கிறது. ஏவுகணை எல்லோருக்கும் தெரியும். பீரங்கிக் குண்டை எறிகணை என்பது ஈழத்து வழக்கு. ஆகவே 'ஏவுகணைகள் சரமாரியாக வந்து விழுந்தன' என்று எழுதினால் ஒரே வரியில் அம்பு இரண்டு தடவை வந்துவிடும். 'மழையாக' என்று மாற்றிவிடலாம்.