பனிமலையில் ஏற்றும் சலைன் உடம்புக்குள் என்ன செய்கிறது?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பிரெக்கன்ரிட்ஜ் என்றொரு மலையூர். ஊரே சுமார் 2,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒற்றைப் பலகையில் நின்று பனியில் சறுக்கும் ஸ்னோபோர்டுக்காரர்கள் லிஃப்டில் 3,900 மீட்டர் வரை போய்ச் சறுக்கி இறங்குகிறார்கள். இப்படிப்பட்ட ஊர்களில் விடுதி அறைக்கே நர்ஸ் வந்து சலைன் ஏற்றிவிட்டுப் போவது இப்போது வழக்கமாகிவிட்டது. பையில் உப்புநீரோடு பி வைட்டமின்கள், வைட்டமின் சி, மெக்னீசியம். ‘குளுக்கோஸ் ஏத்திக்கிட்டா தெம்பு வந்துரும்’ என்று நம்மூரில் சொல்வார்களே, அதே நம்பிக்கைதான்.

உடம்பில் நீர் வற்றுவது நிஜம். மலைக்காற்று வறண்டது, மூச்சு வேகமாக வாங்கும். வாயிலிருந்து வெள்ளையாகப் புகைவது அத்தனையும் உடம்பின் தண்ணீர். குளிரில் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்க, ரத்தம் உடலின் நடுப்பகுதிக்கு ஒதுங்குகிறது. நீர் மிகுந்துவிட்டது போல அதை எடுத்துக்கொண்டு சிறுநீரகம் வெளியேற்றத் தொடங்கும். தாகமும் தெரியாது.

ஒரு லிட்டர் சலைனில் 9 கிராம் உப்பு. ஏற்றி ஒரு மணி நேரத்துக்குள் அதில் முக்கால்வாசி ரத்தக்குழாயை விட்டுக் கசிந்து திசுக்களுக்கிடையே போய்விடும். வற்றிப்போன உடம்புக்கு அதுவும் ஆறுதல்தான். ஆனால் வாந்தி இல்லாதவருக்கு உப்பு சர்க்கரைக் கரைசலே போதும். சிறுகுடலில் உப்பும் குளுக்கோஸும் சேர்ந்து உள்ளே போகும்போது தண்ணீரும் பின்னாலேயே போகிறது.

வைட்டமின் சி விஷயம் வேறு. வாய்வழி 200 மில்லிகிராம் எடுத்தால் ஏறக்குறைய முழுதும் உடம்பில் சேரும். அளவு கூடக்கூட, குடல் உறிஞ்சும் பங்கு குறையும். ஊசி இந்தக் காவலைத் தாண்டிவிடுகிறது. ரத்தத்தில் அளவு பல மடங்கு எகிறுகிறது. சிறுநீரகம் விடுமா? சில மணி நேரத்தில் பெரும்பகுதியை வடித்துவிடும். மறுநாள் சிறுநீர் பளிச்சென்ற மஞ்சளாகப் போனால், அது வெளியேறும் பி2. ஏற்றும்போது உடம்பெங்கும் பரவும் இதமான சூடு, மெக்னீசியம் ரத்தக்குழாய்களைத் தளர்த்துவதால் வருவது. தசை தேறுவதற்கு அது அடையாளமல்ல.

ஸ்னோபோர்டில் தாவி இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. அதில் நுண்ணிய சேதங்கள் விழுகின்றன. வலி இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். அதைச் சரிசெய்வது புரதம், மாவுச்சத்து, தூக்கம், நாட்கள். எந்தப் பையாலும் அந்த நாட்களைக் குறைக்க முடியும் என்று நான் நம்பவில்லை.

போட்டியாளர்களுக்கு இன்னொரு கண்டம் உண்டு. மருத்துவமனைச் சிகிச்சை போன்ற காரணமோ முன் அனுமதியோ இல்லாமல் 12 மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் ஏற்றினால், வெறும் வைட்டமினாக இருந்தாலும் ஊக்கமருந்து விதிமீறல். ரத்தத்தை நீர்த்துப்போகச் செய்து தடயத்தை மறைக்கலாம் என்பதே காரணம். நீச்சல் வீரர் ரயன் லாக்டி 2018இல் இதற்காக 14 மாதம் தடை பெற்றார்.

எனக்குள்ள பெரிய கவலை வேறு. உயரத்தில் வரும் தலைவலி எல்லாமே நீர்க்குறைவு அல்ல. தலைவலியோடு வாந்தி, நடையில் தள்ளாட்டம், பேச்சில் குழப்பம் இருந்தால் மூளை வீங்கத் தொடங்கியிருக்கலாம். அப்போது சலைனை ஏற்றிப் படுக்கவைத்துக் காத்திருக்கக் கூடாது. ஆக்சிஜன் கொடுத்து, அந்த இரவிலேயே அவரை மலையிலிருந்து கீழே இறக்க வேண்டும்.