திருக்கை முள்ளும் 1-0-1 மாத்திரையும்: மருத்துவ உரையைச் சுருக்கும் செயலி

பாம்பனிலிருந்தோ தங்கச்சிமடத்திலிருந்தோ ராமநாதபுரத்துக்கும் மதுரைக்கும் சென்று சிகிச்சை பெற்றுத் திரும்புகிறவர்களின் கையில், எக்ஸ்ரே உறையோடு நான்கைந்து பக்க டிஸ்சார்ஜ் சம்மரியும் இருக்கும். பெரும்பாலும் அது ஆங்கிலத்தில் இருப்பதால், கல்லூரியில் படிக்கும் பிள்ளை யாரையாவது அழைத்துத்தான் வாசிக்கச் சொல்வார்கள். அதே பிள்ளை ஒரே மாலையில் எழுதிவிடக்கூடிய சிறு இணையச் செயலி, அந்தப் பக்கங்களைச் சில வரிகளாகச் சுருக்கிவிடும். எழுதுவது எளிது, எதைச் சுருக்கக் கூடாது என்று அதற்குச் சொல்லிவைப்பதில்தான் உண்மையான வேலை இருக்கிறது.

பைத்தான் என்ற நிரல் மொழியில் ஸ்ட்ரீம்லிட் என்ற ஆயத்த நிரல் தொகுப்பைப் பயன்படுத்தினால், உரையை ஒட்டும் பெட்டி, 'சுருக்கு' என்ற பொத்தான், விடை தோன்றும் இடம் ஆகிய மூன்றும் இருபது முப்பது வரிகளில் முடிந்துவிடும். பொத்தானை அழுத்தியதும் உரை ஒரு மொழி மாதிரிக்கு, அதாவது ஏராளமான உரைகளைப் படித்துப் பழகிய நிரலுக்கு, போகிறது. 2019-இல் ஃபேஸ்புக் ஆய்வாளர்கள் வெளியிட்ட பார்ட் என்ற மாதிரியை எடுத்துக்கொள்வோம். சுமார் 40 கோடி அளவுருக்கள் (பயிற்சியில் கற்றுக்கொண்ட எண்கள்) கொண்ட அதன் பெரிய வடிவத்தை ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால், இணையம் இல்லாத மடிக்கணினியிலும் ஓடும். நோயாளியின் விவரம் வீட்டை விட்டு வெளியே போகாது என்பது என் கணக்கில் பெரிய நன்மை.

1958-இல் ஐபிஎம்மின் ஹான்ஸ் பீட்டர் லூன் செய்த முயற்சியில், முக்கியச் சொற்கள் நெருங்கி வரும் வாக்கியங்களைக் கணினி அப்படியே பொறுக்கித் தந்தது. பார்ட் பொறுக்குவதில்லை, எழுதுகிறது. 2017-இல் அறிமுகமான டிரான்ஸ்ஃபார்மர் அமைப்பின்படி, ஒவ்வொரு சொல்துண்டும் மற்ற எல்லாத் துண்டுகளோடும் தனக்குள்ள உறவை எடைபோட்டுப் பார்க்கிறது. அந்த எடைகளைக் கொண்டு, அடுத்து வரத்தக்க துண்டு எது என்று ஒவ்வொன்றாகக் கணித்துச் சுருக்கம் உருவாகிறது. மூலத்தில் இல்லாத ஒன்று சரளமான வாக்கியமாக வந்து நிற்பதும் இதனால்தான்.

கடலில் திருக்கை முள் குத்திய, சர்க்கரை நோயும் உள்ள மீனவர் ஒருவரின் தாள் என்று வைத்துக்கொள்வோம். முதல் பக்கத்தில் காயத்தின் வரலாறு. நடுவில் 'எக்ஸ்ரேயில் முள் துண்டு எதுவும் இல்லை' என்ற வரி. கடைசியில் 'மெட்ஃபார்மின் 500 மி.கி., 1-0-1, ஏழாம் நாள் கட்டு மாற்ற வரவும்' என்ற குறிப்பு. சுருக்கத்துக்கென்று பரவலாகப் பயன்படும் பார்ட் வடிவம் சிஎன்என், டெய்லி மெயில் செய்திகளைப் படித்துப் பழகியது. செய்தியில் முக்கியமானது முதல் பத்தியிலேயே வந்துவிடும்; டிஸ்சார்ஜ் தாளிலோ வீட்டில் உள்ளவர்களுக்கு வேண்டியது கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. போதாக்குறைக்கு, அந்த மாதிரி ஒரு தடவைக்கு 1,024 சொல்துண்டுகள் வரைதான் வாங்கும். மிச்சம் வெட்டுப்படும்போது முதலில் போவது மாத்திரைப் பட்டியல்தான்.

ஆகவே மாதிரியிடம் கொடுப்பதற்கு முன்பே தலைப்புவாரியாக உரையைப் பிரித்துவிட வேண்டும். வரலாறும் சிகிச்சையும் சுருங்கட்டும். மருந்தும் மறுவருகைத் தேதியும் மாதிரியைத் தொடாமல், ஓர் எழுத்தும் மாறாமல் திரைக்கு வர வேண்டும். காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று என்று பொருள்படும் 1-0-1-இல் நடுவில் உள்ள சுழியம் தொலைந்தால் மருந்தின் அளவே மாறிவிடும்.

ஒட்டும் உரை தமிழிலேயே இருந்தால் வேறொரு சிக்கல். எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 'மாத்திரை' என்ற நான்கெழுத்துச் சொல் 24 பைட்டுகள். ஆங்கிலத்தில் பழகிய பார்ட் அதைப் பொடிப்பொடியாக உடைப்பதால் 1,024 என்ற வரம்பு சீக்கிரமே நிரம்பும், பொருளும் பிடிபடாது. ஆங்கிலத் தாளை ஆங்கிலத்திலேயே சுருக்கி, பிறகு மொழிபெயர்ப்பு மாதிரியிடம் கொடுப்பதே இப்போதைக்கு நல்லது. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு 2023-இல் வெளியிட்ட இண்டிக்டிரான்ஸ்2 தமிழ் உட்பட 22 இந்திய மொழிகளைக் கையாளும்.

சுருக்கத்தின் தரத்தை அளக்க வழக்கமாகப் பயன்படும் ரூஜ் மதிப்பெண், மனிதர் எழுதிய சுருக்கத்தோடு எத்தனை சொற்கள் ஒத்துப்போகின்றன என்று எண்ணுகிறது. 'முள் துண்டு இல்லை' என்பதில் 'இல்லை' விழுந்தால் அந்த அளவுகோலுக்கு ஒரு சொல்தான் குறை. காயத்தோடு வீடு திரும்பியவருக்கோ செய்தியே தலைகீழ். ஆகையால், சுருக்கத்தில் உள்ள ஒவ்வோர் எண்ணும் மூலத்தில் இருக்கிறதா, மூலத்தின் மறுப்பு வாக்கியங்கள் சுருக்கத்தில் மறுப்பாகவே நிற்கின்றனவா என்று பார்க்கும் பத்து வரி நிரலைச் சேர்த்து, ஒத்துவராத வரியைச் சிவப்பில் காட்டி, அதன் பக்கத்திலேயே மூலத்தையும் வைத்துவிடலாம்.