பெஞ்ச்மார்க்: பெஞ்சு எது, மார்க் எது?

புது பிராசசர் வெளிவந்த அன்றே எழும் கேள்வி, "பெஞ்ச்மார்க் எவ்வளவு?" பள்ளிக்கூடப் பெஞ்சுக்கும் பரீட்சை மார்க்குக்கும் இதில் வேலையே இல்லை. சொல் நில அளவையிலிருந்து வந்தது. ஓரிடத்தின் உயரத்தைக் கணக்கிட்டவர்கள் அங்கே அசையாத கல்லிலோ பாலத்துச் சுவரிலோ உளியால் ஒரு கிடைக்கோடு வெட்டி வைப்பார்கள். பிறகு வருபவர் அந்த வெட்டில் இரும்பு ஆங்கிள் ஒன்றைச் செருகி, அதன்மேல் மட்டக்கோலை நிறுத்துவார். கோலைத் தாங்கும் இரும்பு பெஞ்சு, கல்லில் உள்ள வெட்டு மார்க். எத்தனை முறை வந்து நிறுத்தினாலும் கோல் அதே உயரத்தில் நிற்கும்.

ஆகவே செய்தித்தாள்களில் வரும் 'அளவுகோல்' பொருந்தாது. கோல் மேலே நிற்பது. பெஞ்ச்மார்க் அதற்கு அடியில் இருப்பது. நில அளவைக்கு 'மட்டக்குறி' என்பதே போதும்.

கணினிக்கு வந்தபோது பொருள் நகர்ந்தது. ஒரே வேலையை வெவ்வேறு சில்லுகளிடம் கொடுத்து, யார் எவ்வளவு நேரத்தில் முடிக்கிறார்கள் என்று பார்க்கும் நிரலுக்கு இப்போது அந்தப் பெயர். கோட்டை யார் வெட்டுவது என்பதில்தான் சண்டை. அலுவலக வேலைகளை ஓட்டி மதிப்பெண் தரும் சிஸ்மார்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். 'இத்தனை மதிப்பெண் வேண்டும்' என்று ஒரு வரி அரசு டெண்டரில் புகுந்துவிட்டால், மொத்த ஆர்டரும் அந்த வரியிலேயே முடிவாகிவிடும். அதை உருவாக்கும் பாப்கோ கூட்டமைப்பிலிருந்து 2011இல் சில்லு நிறுவனமான ஏஎம்டி வெளியேறியது. கிராஃபிக்ஸ் சில்லு செய்யும் வேலையை சிஸ்மார்க் 2012 பதிப்பு சரியாகக் கணக்கில் எடுப்பதில்லை என்பது அதன் புகார். வேறு இரு சில்லு நிறுவனங்களான என்விடியாவும் வயாவும்கூட விலகின.

கோட்டுக்கு ஏற்றபடி உயரத்தைக் காட்டுவது வேறொரு கலை. 2001இல் ஏடிஐ நிறுவனத்தின் ரேடியான் 8500 கிராஃபிக்ஸ் அட்டை 'குவேக் 3' விளையாட்டில் நல்ல வேகம் காட்டியது. சோதித்தவர்கள் நிரலில் 'குவேக்' என்று இருந்த பெயரை மட்டும் 'குவாக்' என்று மாற்றி ஓட்டினார்கள். வேகம் இறங்கியது, படம் தெளிவானது. அட்டையை இயக்கும் மென்பொருளான டிரைவர், விளையாட்டின் பெயரைப் பார்த்துப் படத்தின் தரத்தைக் குறைத்து ஓட்டியிருக்கிறது! பழங்கதை என்று தள்ளவும் முடியாது. 2024இல், பெஞ்ச்மார்க் வகுத்து முடிவுகளை வெளியிடும் ஸ்பெக் அமைப்பு 2,600க்கும் மேற்பட்ட இன்டெல் சில்லு முடிவுகளைச் செல்லாதவை என்று குறித்தது. சோதனைத் தொகுப்பில் உள்ள ஒரு நிரலை முன்கூட்டியே அறிந்து, அதற்கென்றே கம்பைலர் (நிரலைச் சில்லுக்கான கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) வளைக்கப்பட்டிருந்தது.

நிரல் நேர்மையாக இருந்தும் கணினியின் செட்டிங் தவறலாம். 2018இல் இன்டெல் பணம் கொடுத்துச் செய்வித்த ஒப்பீட்டில், ஏஎம்டியின் ரைசன் 7 2700எக்ஸ் சில்லு 'கேம் மோட்' என்ற செட்டிங் போட்டு ஓட்டப்பட்டது. அந்தச் சில்லில் அதன் விளைவு, வேலை செய்யும் 8 கோர்களில் (உட்பகுதிகளில்) 4 அணைந்து கிடப்பது. எதிர்ப்பு கிளம்பியதும் மறுபடி சோதித்தார்கள்.

வீட்டில் ஒப்பிடுபவர் வழுக்கும் இடம் நேரம். இன்டெலின் கோர் ஐ9 10900கே சில்லின் அட்டையில் 125 வாட் என்றிருக்கும். ஆனால் இன்டெல் வகுத்த விதிப்படியே முதல் 56 விநாடி வரை 250 வாட் இழுக்கலாம். அரை நிமிடத்தில் முடியும் சோதனை அந்த ஓட்டத்தை மட்டும் பார்க்கும். முப்பரிமாணப் படம் வரையச் சொல்லிச் சோதிக்கும் சினிபெஞ்ச் ஆர்23 நிரல் இயல்பாகவே 10 நிமிடம் ஓடுவது அதற்காகத்தான், குறைக்காதீர்கள். ராம் இரண்டு குச்சியா ஒன்றா, ராமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பி செட்டிங் போட்டதா இல்லையா என்பது இரு பக்கமும் ஒன்றாக இருக்கட்டும். மூன்று முறை ஓட்டி நடு எண்ணை எடுங்கள். ஓரிரு சதவீத வித்தியாசம் வெறும் இரைச்சல்.

தமிழில் என்ன சொல்வது? சோதிக்கும் செயலுக்கு 'ஒப்புச்சோதனை' இயல்பாக வரும். நிரலுக்கு என் தேர்வு 'உரைகல்'. குறள் 505இல் வரும் 'கட்டளைக்கல்' இதே கல்தான். தட்டார் நகையை மட்டும் உரசிவிட்டுத் தங்கத்தின் மாற்று (தரம்) சொல்வதில்லை. மாற்றுத் தெரிந்த உரையாணியையும் அதே கல்லில் பக்கத்திலேயே உரசுவார். சில்லுக்கும் அப்படியே எழுதலாம்: "சினிபெஞ்ச் உரைகல்லில், ரைசன் 7 2700எக்ஸை உரையாணியாக வைத்து, 10 நிமிட ஒப்புச்சோதனை." 'மும்மடங்கு வேகம்' என்று மொட்டையாக வரும் விளம்பரத்தில் உரையாணியைத் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் அடிக்குறிப்பில், பொடி எழுத்தில் கிடக்கும்.