பழுதா, இயல்பா? பாக்கெட் கேமரா வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

அப்பாவின் பீரோவிலிருந்து எடுத்து வந்த சின்ன டிஜிட்டல் கேமராக்கள் சமீப காலமாக என் சர்வீஸ் மேஜைக்கு நிறைய வருகின்றன. 2010-ல் மட்டும் உலகம் முழுக்க ஏறத்தாழ 12 கோடி டிஜிட்டல் கேமராக்கள் விற்பனைக்குப் போயின. அதில் பெரும்பகுதி சட்டைப்பையில் அடங்கும் இந்த ரகம்தான். பிறகு செல்போன் வந்து அந்தச் சந்தையையே விழுங்கிவிட்டது. இப்போது கல்லூரிப் பிள்ளைகள் அதே கேமராக்களைத் தேடிப் பிடிக்கிறார்கள். ஃபிளாஷ் அடித்து எடுத்த பழைய பிறந்தநாள் படங்களின் நிறம் வேண்டுமாம். நல்ல ஆசைதான்.

ஆனால் அவர்கள் சொல்லும் புகார்களில் பல, பழுதே கிடையாது. அந்தக் கேமராவின் இயல்பு. காசு வாங்காமல் திருப்பி அனுப்பிவிடுவேன். நிஜமான பழுது உள்ளவர்களோ, எல்லாம் முடிந்த பிறகுதான் வருகிறார்கள்.

"அண்ணா, 14 மெகாபிக்சல்னு போட்டிருக்கு. ஆனா நைட்ல புள்ளி புள்ளியா வருதே?" இதுதான் நான் அதிகம் கேட்கும் கேள்வி. பெரும்பாலான பாக்கெட் கேமராக்களில் இருக்கும் சென்சாரின், அதாவது வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சில்லின், அளவு சுமார் 6.2 × 4.6 மில்லிமீட்டர். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. கல்யாண போட்டோகிராபர் வைத்திருக்கும் ஃபுல் ஃபிரேம் கேமராவில் அது 36 × 24. பரப்பளவில் நம் சின்ன சென்சார் அதில் முப்பதில் ஒரு பங்கு. அந்தத் துளி இடத்தில் 14 மெகாபிக்சலை, அதாவது 1.4 கோடி ஒளிப்புள்ளிகளை, நெருக்கி வைத்தால், ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் வெளிச்சம் கொஞ்சம்தான். இருட்டில் ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் அளவு, தானாக 800, 1600 என்று ஏறும். படம் மணல் தூவியதுபோல் ஆகும். இதை எந்த சர்வீஸ் கடையும் சரிசெய்ய முடியாது. ஐஎஸ்ஓவை 100-ல் நிறுத்தி, கேமராவைச் சுவர் மீது வைத்து, இரண்டு வினாடி டைமர் போட்டு எடுத்துப் பாருங்கள். அசையாத பொருளென்றால் அதே கேமரா நம்ப முடியாத படம் தரும்.

சென்சார் சிறியதாக இருப்பதால்தான் லென்ஸையும் சிறியதாகச் செய்ய முடிந்தது. பத்து மடங்கு ஆப்டிகல் ஜூம் சட்டைப்பைக்குள் அடங்கியது. கோபுரத்தின் மேல்நிலைச் சுதைச் சிற்பத்தை, ஜூம் லென்ஸ் இல்லாத செல்போன் படத்தை வெட்டிப் பெரிதாக்கிக் காட்டும். பாக்கெட் கேமரா லென்ஸை நீட்டி நிஜமாகவே கிட்டே கொண்டுவரும். மூன்று வரிசையாக நிற்கும் குடும்பப் படத்தில் கடைசி வரிசை வரை முகம் தெளிவாக விழுவதும் அந்தச் சின்ன சென்சாரால்தான். பின்னணி மங்கலாக வரவில்லையே என்று குறைப்படுபவர்களுக்கும் இதே பதில்.

பட்டனை அழுத்திய பிறகு தாமதமாக எடுக்கிறது என்பதும் இயல்புதான். பாதி அழுத்தி, பச்சைக் கட்டம் வந்ததும் பிடித்துக்கொண்டு காத்திருங்கள். தருணம் வரும்போது மீதியை அழுத்தினால் தாமதம் பெரும்பாலும் தெரியாது.

இனி ஆவி விவகாரம். துக்க வீட்டில் எடுத்த படத்தைக் காட்டி, அதில் மிதக்கும் வெள்ளை வட்டங்களைப் பற்றிக் கிசுகிசுப்பாகக் கேட்டவர்கள் உண்டு. சிரிக்காமல்தான் பதில் சொல்வேன். இந்தக் கேமராக்களில் ஃபிளாஷ், லென்ஸுக்குச் சில சென்டிமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. லென்ஸுக்கு நேர் முன்னால் பறக்கும் தூசியும் மழைத்துளியும் ஃபிளாஷ் வெளிச்சத்தைப் பளிச்சென்று திருப்பி அடிக்கும். அவ்வளவு கிட்டே ஃபோகஸ் ஆகாததால் துகள் வட்டமாக விரிந்து விழும். கண் சிவப்பாக வருவதற்கும் ஃபிளாஷ் லென்ஸை ஒட்டி இருப்பதே காரணம். அதே இடத்தில் ஃபிளாஷை அணைத்துவிட்டு ஒரு படம் எடுங்கள். வட்டங்கள் போய்விடும்.

வெள்ளை வட்டம் படத்துக்குப் படம் இடம் மாறும். ஒரே இடத்தில் கறுப்பாகக் கறை விழுந்தால் அது வேறு கதை. வானத்தைப் பார்த்து முழு ஜூமில் ஒரு படம் எடுங்கள். அங்கே அந்தக் கறை இன்னும் அழுத்தமாகத் தெரிந்தால் சென்சார் மேல் தூசி. லென்ஸ் நீண்டு சுருங்கும்போதெல்லாம் வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. காற்றோடு தூசியும் போகிறது. கழற்றித்தான் துடைக்க வேண்டும். வேக்குவம் கிளீனரை லென்ஸில் வைத்து உறிஞ்சும் வைத்தியத்தை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

சிசிடி என்ற பழைய வகை சென்சார் உள்ள கேமராவில் சூரியனையோ தெருவிளக்கையோ காட்டினால் திரையில் மேலும் கீழுமாக ஊதாக் கோடு ஓடும். இயல்பு. ஆனால் வீட்டுக்குள் சாதாரண வெளிச்சத்திலேயே படம் முழுக்க ஊதாவாகவோ கோடு கோடாகவோ வந்தால், அல்லது மெனு தெரிந்து படம் மட்டும் கறுப்பாக இருந்தால், சென்சார் போய்விட்டது என்றே எடுத்துக்கொள்ளலாம். 2005-ல் பல கேமரா நிறுவனங்கள் இதே கோளாறுக்காக இலவசமாகச் சென்சார் மாற்றிக் கொடுத்தன. வெப்பமும் ஈரப்பதமும் அந்தக் கோளாறைச் சீக்கிரம் வெளியே கொண்டுவந்தன. இப்போது புதுச் சென்சார் கிடைக்காது. செலவு செய்யாதீர்கள்.

கார்டு எரர் வந்தாலும் பதற வேண்டாம். 2 ஜிபிக்கு மேல் கொள்ளும் எஸ்டிஹெச்சி வகை கார்டு வந்ததே 2006-ல்தான். அதற்கு முந்தைய கேமராவுக்கு 32 ஜிபி கார்டு புரியாது. 2 ஜிபி அல்லது அதற்குக் குறைந்த சாதா எஸ்டி கார்டு தேடிப் போடுங்கள்.

உடனே கவனிக்க வேண்டியது லென்ஸ் மாட்டிக்கொள்வது. மெரினா மணலில் கேமராவை வைத்தவர்கள், பேண்ட் பாக்கெட்டுக்குள் தானாக ஆன் ஆகி லென்ஸ் துணியை முட்டித் தள்ளியவர்கள், எல்லோரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள்: திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்ப்பது. உள்ளே இருப்பவை நுண்ணிய பிளாஸ்டிக் பல்சக்கரங்கள். கறகற சத்தம் கேட்ட நொடியே பேட்டரியைக் கழற்றிவிட்டால் பெரும்பாலும் காப்பாற்றலாம். கையால் பிடித்து இழுத்துவிட்டு வருபவர்களிடம் முழு லென்ஸ் யூனிட்டையும் மாற்றச் சொல்வதைத் தவிர வழியில்லை.

வீடியோ பார்த்து நீங்களே திறக்காதீர்கள். ஃபிளாஷுக்காக மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டரில் சுமார் 300 வோல்ட் தேங்கியிருக்கும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் சில காலம் இருக்கும். தொட்டால் தூக்கியடிக்கும். உப்பிய லித்தியம் பேட்டரியையும் அமுக்கித் திணிக்க வேண்டாம்.

பீரோவில் துணிகளோடு வைப்பதால்தான் லென்ஸில் பூஞ்சை பிடிக்கிறது. தோல் உறை ஈரத்தைப் பிடித்துவைக்கும். பாச்சை உருண்டையும் கேமராவுக்கு ஆகாது. இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள், பேட்டரியைத் தனியாக எடுத்துவிட்டு. அரிசியில் புதைப்பது வேண்டாம், அதன் மாவே லென்ஸ் இடுக்கில் போய் உட்காரும்.

முழுதாகச் செத்த கேமராவையும் குப்பையில் போடாதீர்கள். இந்த மாடல்களுக்கு உதிரி பாகம் வருவது நின்று பல காலம் ஆகிறது. இப்போது நான் மாட்டும் லென்ஸ் யூனிட்டுகள் பெரும்பாலும், சென்சார் போன இன்னொரு கேமராவிலிருந்து கழற்றியவை.