"கூறப்படுகிறது" என்று எழுதினால் வழக்கு வராதா?

போன வாரம் என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்தவர் ஒரு பகுதிநேர நிருபர். காலையில் அண்ணன் கடையில் ஸ்விட்ச், வயர் விற்பார். மாலையில் செய்தி அனுப்புவார். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்த சம்மனை எடுத்து மேஜையில் விரித்தார். வியர்வையில் மடிப்பு நைந்து போயிருந்தது.

"இதுக்கு முன்னாடி ஏதாவது காகிதம் வந்துச்சா தம்பி?"

"கோர்ட்டுல இருந்து ஒரு நோட்டீஸ் வந்துச்சு சார். ஆசிரியர்கிட்ட கொடுத்தேன். இதெல்லாம் சும்மா மிரட்டல்னு டிராயர்ல போட்டுட்டார்."

இந்த வருடம் என்னிடம் வரும் ஐந்தாவது அவதூறு வழக்குக் கட்டு இது. ஐந்திலும் இதே டிராயர் கதை. அதனால்தான் எழுதுகிறேன்.

செய்தி என்னவோ நல்ல செய்திதான். ஓர் அரசு மருத்துவமனையில் ஸ்கேன் இயந்திரம் மாதக்கணக்கில் ஓடவில்லை. அறைக் கதவில் 'பழுது' என்று ஒரு வெள்ளைத் தாள். ஒட்டிய செலோடேப் மஞ்சளாகிவிட்டது. நோயாளிகள் கடன் வாங்கி வெளியே எடுக்கிறார்கள். மொத்தம் 38 வரி. அதில் 37 வரியை யாரும் அசைக்க முடியாது. கடைசி வரியில் தம்பி இப்படி முடித்திருக்கிறார்: பொறுப்பு அதிகாரி தனியார் மையத்திடம் கமிஷன் வாங்குவதாகக் கூறப்படுகிறது.

புகார் முழுக்க அந்த ஒரு வரியின் மேல்தான்.

"அதான் 'கூறப்படுகிறது'ன்னு போட்டிருக்கேனே சார்" என்றார். ஐயா நிருபர்களே, உதவி ஆசிரியர்களே, கை எடுத்துக் கும்பிடுகிறேன். 'கூறப்படுகிறது' கவசம் இல்லை. 'பேசிக்கொள்கிறார்கள்', 'பொதுமக்கள் குமுறல்', கடைசியில் ஒரு கேள்விக்குறி, எதுவுமே கவசம் இல்லை. குற்றச்சாட்டை நீங்களே உண்டாக்கினாலும், ஊரார் சொன்னதை அச்சேற்றினாலும், சட்டத்தின் கண்ணில் இரண்டும் ஒன்றுதான். யார் சொன்னார்கள் என்று நடுவர் (மாஜிஸ்திரேட்) கேட்டால் ஊரைக் கூண்டில் ஏற்ற முடியாது, நீங்கள்தான் ஏற வேண்டும்.

அடுத்து எல்லோரும் சொல்வது: "நல்லெண்ணத்துலதான் எழுதினேன்." இதைக் கேட்டாலே எனக்குத் தலைவலி வரும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் அவதூறு பற்றிய 499ஆம் பிரிவில் பத்து விதிவிலக்குகள் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவிலும் அவை அப்படியே இருக்கின்றன. அரசு ஊழியர் தன் பணியில் நடந்துகொண்ட விதத்தை நல்லெண்ணத்தோடு விமர்சிக்கலாம் என்கிறது ஒரு விதிவிலக்கு. அந்தத் தமிழ்ச் சொல்தான் ஆளைக் கவிழ்க்கிறது. நல்லெண்ணம் என்றதும் மனசு சுத்தமாக இருந்தால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். சட்டம் உங்கள் மனசைக் கேட்கவே இல்லை. உரிய கவனத்தோடும் அக்கறையோடும் செய்யாத எதையும் நல்லெண்ணத்தோடு செய்ததாகக் கொள்ள முடியாது என்பதுதான் அங்கே பொருள். விசாரித்தீர்களா, ஆவணம் பார்த்தீர்களா, எதிர்த்தரப்பைக் கேட்டீர்களா என்பதுதான் கேள்வி. எரிந்த வயிறோடு எழுதினேன் என்பது அங்கே பதில் ஆகாது.

உண்மை என்றால் போதுமே என்பார்கள். நஷ்டஈடு கேட்கும் சிவில் வழக்கில் போதும். குற்ற வழக்கில் அது உண்மை என்றும் பொதுநலனுக்காக வெளியிட்டது என்றும் இரண்டையும் காட்ட வேண்டும்.

சரி, மறுபக்கத்துக்கு வருவோம். "எங்கள் அலுவலகத்தின் மானத்தை வாங்கிவிட்டார்கள்" என்று சில அதிகாரிகள் கொதிக்கிறார்கள். அவதூறுப் புகாரைப் பாதிக்கப்பட்டவர்தான் கொடுக்க முடியும். 1971இல் சேலத்தில் திராவிடர் கழகம் நடத்திய மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டின் தீர்மானத்தைத் திரித்து வெளியிட்டதாக இந்து, தினமணி, இந்தியன் எக்ஸ்பிரஸ் மீது வரவேற்புக் குழுத் தலைவர் வழக்குப் போட்டார். 1972இல் உச்ச நீதிமன்றம், 'மாநாடு' என்பது இன்னார் என்று அடையாளம் காணக்கூடிய அமைப்பு அல்ல, அதன் பெயரால் இவர் பாதிக்கப்பட்டவர் ஆக முடியாது என்று சொல்லி வழக்கை ரத்து செய்தது. நிறுவனங்களுக்கும் சங்கங்களுக்கும் சட்டத்தில் இடம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் ஓடவில்லை என்று எழுதினால் அங்கே இருக்கும் ஒவ்வொருவரும் பாதிக்கப்பட்டவர் ஆகிவிட முடியாது.

அரசுப் பணி தொடர்பான அவதூறு என்றால் அரசு அனுமதி பெற்று, ஆறு மாதத்துக்குள், அரசு வழக்கறிஞர் நேராக அமர்வு நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்ய ஒரு தனி வழி உண்டு. அந்த வழியில் தமிழ்நாடு அரசு எப்படி வண்டி ஓட்டியது என்பது ஊரறிந்த கதை. 2016இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த கணக்குப்படி ஐந்தாண்டுகளில் 213 வழக்குகள். ஊடகங்கள் மீது மட்டும் 55. பிறகு 2020 மே மாதம் என். ராம் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் பல பத்திரிகைகள் மீதான புகார்களைச் சேர்த்து ரத்து செய்தது. அரசு சாதாரணக் குடிமகன்போல அவசரப்பட்டு அவதூறு வழக்குப் போடக் கூடாது, அரசு வழக்கறிஞர் வந்ததை அப்படியே கடத்திவிடும் தபால் நிலையம் அல்ல என்று நீதிபதி அப்துல் குத்தூஸ் கண்டித்தார்.

(இளம் வக்கீல்களுக்கு ஒரு வார்த்தை. இந்த மாதிரி வழக்கில் 1994இல் நக்கீரன் பத்திரிகை வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். அரசு நஷ்டஈடு கேட்க முடியாது என்றுதான் அது சொல்கிறது. குற்ற அவதூறுக்குள் போகவில்லை என்று அந்தத் தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறது.)

இதையெல்லாம் நம்பி ஆசிரியர்கள் நிம்மதியாகத் தூங்கலாமா? முடியாது. அரசு போகாவிட்டாலும் அந்த அதிகாரி தன் சொந்தப் பெயரில் நடுவரிடம் போகலாம், அதற்கு மூன்று வருடம் அவகாசம். தம்பி வழக்கில் நடந்தது அதுதான். 37 வரி மருத்துவமனையைப் பற்றியது, அதில் புகார் கொடுக்க ஆளே இல்லை. 38ஆவது வரியில் நாமே ஓர் ஆளை உருவாக்கிக் கொடுத்துவிட்டோம்.

தண்டனை இரண்டு வருடம் வரை சாதாரணச் சிறை, அபராதம், இப்போது சமூக சேவையும் சேர்ந்திருக்கிறது. தண்டனைவரை போகும் வழக்கை நான் அதிகம் பார்த்ததில்லை. வாய்தாதான் கொல்கிறது. டவாலி பெயரைக் கூப்பிடும் வரை வராந்தாவில் நிற்க வேண்டும். அன்று கடைக் கூலி போச்சு. இலங்கை 2002இலேயே குற்ற அவதூறைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. நம் உச்ச நீதிமன்றம் 2016இல் அது செல்லும் என்று சொல்லிவிட்டது. ஆகவே இதோடுதான் நாம் பிழைத்தாக வேண்டும்.

நோட்டீஸை டிராயரில் போடாதீர்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 223ஆம் பிரிவுப்படி, தனிநபர் புகாரை நடுவர் விசாரணைக்குக் கோப்பில் எடுக்கும் முன்பே உங்கள் தரப்பைக் கேட்க வேண்டும். முன்பு இந்த வாய்ப்பு கிடையாது. விதிவிலக்குகளை ஆரம்பத்திலேயே நடுவர் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றமும் 2023இல் சொல்லியிருக்கிறது. போய்ப் பேசினால் அங்கேயே முடிய வாய்ப்புண்டு. போகாவிட்டால் சம்மன், அப்புறம் வாரண்ட். எழுதும் முன் அதிகாரிக்குக் கேள்விகளை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், பதில் வராவிட்டால் வரவில்லை என்று செய்தியில் போடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வாங்கிய பதிலின் அசலைப் பத்திரப்படுத்துங்கள். படம் எடுத்த செல்போனை மாற்றாதீர்கள். மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்றிதழ் தர அது வேண்டும். ஆசிரியர்களே, உங்கள் ஊர்க்காரத் தம்பியை வழக்கில் முதல் எதிரியாக (குற்றம் சாட்டப்பட்டவராக) நிறுத்திவிட்டு வக்கீல் கட்டணத்தை அவன் தலையில் கட்டாதீர்கள்.

அதிகாரிகளிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஒரு மறுப்புக் கடிதம் எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். அதே இடத்தில் போடச் சொல்லி வற்புறுத்துங்கள், நானே வாங்கித் தருகிறேன்.

தம்பிக்கு அடுத்த வாய்தா 19ஆம் தேதி. அந்த மஞ்சள் செலோடேப் படம் அவருடைய பழைய செல்போனில் இருந்தது. அதைக் கடையில் மாற்றிப் புதுசு வாங்கிவிட்டார். யாரிடம் போயிருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.